ரேஸ் டீமின் ஹாலர் ஓட்டும் வேலை: குடும்பத்துக்கு ஒத்து வருமா?

கான்கார்டு வாசி (டிசம்பர் 2025)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வட கரோலினாவில் கான்கார்டில் இருக்கிறோம். என் கணவர் நாமக்கல்காரர். மாமனார் லாரி ஓட்டியவர். இவரும் இங்கே வந்து கிளாஸ் ஏ சிடிஎல் (கனரக லாரி லைசென்ஸ்) எடுத்து ஆறு வருடமாக நெடுந்தூரச் சரக்கு ஓட்டுகிறார். வீட்டுக்கு எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. ஓஹையோவில் இறக்கிவிட்டு நேரே வீடு என்பார். அரை மணி நேரத்தில் போன் வரும், லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சர் டெக்சஸுக்கு லோடு போட்டுவிட்டார் என்று.

போன வாரம் ஒரு நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தயம்) டீமில் ஹாலர், அதாவது பந்தய வண்டிகளைச் சுமந்து போகும் லாரி, ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நேரில் போய்ப் பார்த்தார். அன்று இரவு முழுக்க அந்த வண்டியின் குரோமைப் பற்றியே பேச்சு. பெண் பார்த்துவிட்டு வந்தபோதுகூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார்.

எனக்கு ரேஸ் பற்றி ஒன்றும் தெரியாது. மே மாதக் கடைசியில் ஸ்பீட்வே பக்கமிருந்து சத்தம் கேட்கும், சாலையில் நெரிசல் இருக்கும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஏழு வயது, மூன்று வயது. இந்த வேலையில் வீட்டுக்கு எத்தனை நாள் வருவார்? இப்போது இருப்பதைவிட மேலா, மோசமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். தெரிந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

ஓசிச் சீட்டு

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சம்பளமும் கொடுத்து ரேஸையும் இலவசமாகக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு வாரமும் கார்கள் டயர் மாற்ற வந்து நிற்கும் பிட் ரோட்டில் நிற்கலாம். அவர் வேண்டாம் என்றால் சொல்லுங்கள், நான் சிடிஎல் எடுத்துவிடுகிறேன்.

சங்ககிரிக்காரன்

தங்கச்சி, நான் ஒரு கப் டீமுக்கு (கப் என்பது நாஸ்காரின் முதல் நிலைத் தொடர்) ஹாலர் ஓட்டுகிறேன். ஷெட் மூர்ஸ்வில்லில். ஒன்பதாவது சீசன் போன மாதம்தான் முடிந்தது. அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரர் மாதிரி சரக்குதான் அடித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் சங்ககிரி. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரி விஷயத்தில் பங்காளிகள், அதனால் கொஞ்சம் உரிமையோடு நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஓசிச் சீட்டுத் தம்பிக்கு. ஒன்பது வருடத்தில் நான் முழுதாகப் பார்த்த பந்தயம் ஒன்றுகூட இல்லை. கடைசி 50 சுற்று பாக்கி இருக்கும்போது நீங்கள் எழுந்து நின்று கத்துவீர்கள். நான் அப்போது சமையல் கிரில்லைத் தேய்த்துக் கழுவி, கூடாரத்தை மடக்கி, எந்தப் பெட்டி முதலில் உள்ளே போக வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். யார் ஜெயித்தார் என்பதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். எங்கள் கார் ஜெயித்தால் சந்தோஷம்தான், ஆனால் அன்றைக்குக் கிளம்ப இன்னும் நேரமாகும். ஜெயித்த காரைப் பிரித்துப் போட்டு அதிகாரிகள் சோதிப்பார்கள். அது முடிந்து கார் கைக்கு வரும்வரை வண்டியை எடுக்க முடியாது. பக்கத்து வண்டிகள் ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே போவதைப் பார்த்தபடி நிற்க வேண்டியதுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஹாலர் டிரைவர் என்று பெயர்தானே தவிர, ஓட்டுவது இந்த வேலையில் பாதிகூட வராது. 53 அடி டிரெய்லர், உள்ளே இரண்டு தளம். மேல் தளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கார். ஒன்று ஓடுவதற்கு, மற்றது முதல் கார் சுவரில் மோதி உருப்படாமல் போனால் எடுப்பதற்கு. டிரெய்லரின் பின்பக்கக் கதவே லிஃப்ட். அதில் காரை நிறுத்தி, தூக்கி, மேலே தள்ளி, நான்கு பக்கமும் கட்ட வேண்டும். கீழ்த் தளத்தில் நடுவே ஓர் ஆள் நடக்கிற வழி, இரண்டு பக்கமும் அலமாரி. ஷாக், ஸ்பிரிங், கியர், பிரேக், வெல்டிங் சாமான், மழைக்கோட்டு, மருந்துப்பெட்டி என்று எது எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். முன்பக்கம் உயரத்தில் ஒரு சின்ன அறை. டீமை நடத்தும் க்ரூ சீஃபும் பந்தய டிரைவரும் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போடும் இடம் அதுதான். எரிபொருளும் பந்தய டயரும் மைதானத்திலேயே கிடைக்கும், நாம் சுமப்பதில்லை. அப்படியும் மொத்த எடை 80,000 பவுண்டைத் தாண்டக் கூடாது, ஏறக்குறைய 36 டன். கிளம்புகிற நாளில் ஒவ்வொருத்தராக வந்து "இது ஒன்றுதான், வேறு எதுவும் இல்லை" என்று ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். எடைமேடையில் மாட்டினால் லைசென்ஸ் என்னுடையது. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர் இந்த வேலைக்கு வரக் கூடாது.

வண்டியைக் கழுவுவது தனிக் கதை. பூச்சி அப்பிய முகத்தோடு உள்ளே போக முடியாது. ஸ்பான்சர் காசு கொடுப்பதே அந்தப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் படத்துக்காகத்தான். மைதானத்துக்கு முன்னால் எங்காவது ஒதுங்கி, கழுவித் துடைத்து, அலுமினியச் சக்கரத்தை முகம் தெரியும்வரை தேய்த்துவிட்டுத்தான் வரிசையில் நிற்போம். வரிசையும் நம் இஷ்டம் இல்லை. புள்ளிப் பட்டியலில் முதலில் இருக்கும் டீமின் வண்டி முதலில் போகும். நாங்கள் வழக்கமாக நடுவில். பிரிஸ்டல், மார்ட்டின்ஸ்வில் இரண்டும் அரை மைல் தடம். அவற்றின் நடுவே அத்தனை ஹாலர்களையும் ஒன்றோடொன்று உரசாமல் பின்னால் தள்ளி நிறுத்த வேண்டும். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் வண்டி திருப்பிப் பழகியவர் என்றால் அதற்குப் பயப்பட மாட்டார்.

அப்புறம் சமையல். டீம் ஆட்கள் பலர் விமானத்தில் வந்துவிட்டுப் பந்தயம் முடிந்ததும் விமானத்திலேயே போய்விடுவார்கள். அவர்களுக்குக் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் பல டீம்களில் ஹாலர் டிரைவர் பொறுப்பு. எனக்கு முதல் வருடம் முட்டை பொரிக்கவே வராது. இப்போது 15 பேருக்கு மிளகுக் கோழி போடுகிறேன். காரை ஜாக் வைத்துத் தூக்கும் ஜாக்மேன் ஒருவர் டென்னசிக்காரர், ரசத்தைக் காபிக் கோப்பையில் வாங்கிக் குடிப்பார்.

இனி வீடு. சரக்கு லாரிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று: எங்களுக்கு முன் வருடமே அட்டவணை வந்துவிடும். அடுத்த செப்டம்பரில் எந்த ஞாயிறு எந்த ஊரில் இருப்பேன் என்று இன்றைக்கே சொல்ல முடியும். உங்கள் வீட்டுக்காரர் இப்போது சொல்ல முடியாததும் அதுதானே. ஆனால் அந்த அட்டவணையில் ஞாயிறு என்ற நாள் வீட்டுக்குக் கிடையாது. கப் தொடரில் புள்ளிக்கான பந்தயம் 36, அது போகக் கண்காட்சிப் பந்தயங்கள். பிப்ரவரி தொடங்கி நவம்பர் முதல் வாரம் வரை. இந்த வருடம் ஈஸ்டருக்கு ஒரு வாரம் விட்டார்கள். அதற்குப் பிறகு ஏப்ரல் 27-இல் டாலடேகாவில் ஆரம்பித்து நவம்பர் 2-இல் ஃபீனிக்ஸ் வரை, 28 வார இறுதி, நடுவில் ஒரு வாரம்கூட லீவு இல்லை.

வாரம் எப்படிப் போகும் என்றால், ஞாயிறு இரவு கிளம்பி, பக்கத்து ஊராக இருந்தால் திங்கள் விடியற்காலை ஷெட். கார் இறக்கி, வண்டியைக் காலி செய்து, கழுவ வேண்டும். செவ்வாய் வீடு. புதன் அரை நாள் வீடு, அரை நாள் சாமான் ஏற்றம். வியாழன் கிளம்பல். மார்ட்டின்ஸ்வில் நூறு மைல் சொச்சம்தான், வெள்ளிக்கிழமை போனால்கூடப் போதும். டேடோனா 480 மைல், ஒரு நாள். சொனோமா என்றால் 2,700 மைல். இந்த ஜூலையில் 6-ஆம் தேதி சிகாகோ, 13 சொனோமா, 20 டோவர். மிச்சிகன் ஏரிக்கரையிலிருந்து கலிஃபோர்னியா, அங்கிருந்து அட்லாண்டிக் ஓரம், இரண்டே வாரத்தில். பெரிய டீம்கள் அடுத்த பந்தயத்துக்கான காரை இன்னொரு வண்டியில் அனுப்பிச் சமாளிக்கும். சின்ன டீம்களில் அதே வண்டி, அதே ஆள்.

இங்கேதான் உங்கள் வீட்டுக்காரர் ஒரு கேள்வியை நேராகக் கேட்க வேண்டும்: பந்தய இரவில் ஓட்ட இரண்டாவது டிரைவர் உண்டா? அவருக்குச் சட்டம் தெரியும். 11 மணி நேரம்தான் ஓட்டலாம், வேலையைத் தொடங்கி 14 மணி நேரம் ஆனபின் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, மறுபடி தொடங்க 10 மணி நேர ஓய்வு வேண்டும். மைதானத்தில் முட்டை பொரித்ததும் பெட்டி தூக்கியதும் அந்த 14-இல் சேரும். காலை ஆறு மணிக்கு கேரேஜ் திறந்ததிலிருந்து நிற்கிறவன் இரவு எட்டுக்கு மேல் ஓட்ட முடியாது. நல்ல டீம்களில் இரண்டாவது ஆள் பகல் முழுக்க அறையில் தூங்கிவிட்டு இரவு வந்து சாவியை வாங்கிக்கொள்வார். அப்படி ஆள் இல்லாமல் "கிளம்பு, பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் இடம் என்றால், குரோம் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்.

இந்தத் தீபாவளியையே சொல்கிறேன். அக்டோபர் 20, திங்கள். முந்தின நாள் டாலடேகாவில் பந்தயம். இரண்டாவது டிரைவர் சாவியை வாங்கினார், நான் ஸ்லீப்பரில் போய் விழுந்தேன். அட்லாண்டா தாண்டியதுகூடத் தெரியாது. அலபாமாவிலிருந்து கிழக்கே வரும்போது கடிகாரம் வேறு ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். ஷெட்டில் இறங்கி வீட்டுக்குப் போனபோது விடியற்காலை மணி நாலரை. வீட்டுக்காரி எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது ஆள் இல்லாத டீமாக இருந்தால் அந்த நேரத்துக்கு நான் ஆக்ஸ்ஃபோர்டு எக்ஸிட் பக்கம் டிரக் ஸ்டாப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அவருக்கு உதவும். முதல் சீசன், ஃபீனிக்ஸ் பயணம். ஐ-40 நெடுஞ்சாலையில் ஃபிளாக்ஸ்டாஃப் வரை போய், ஐ-17-இல் 7,000 அடி உயரத்திலிருந்து பாலைவனத்துக்கு இறங்க வேண்டும். கிளம்பும் முன் உள்ளே எல்லாத் தாழ்ப்பாளையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று பழைய டிரைவர் சொல்லியிருந்தார். நான் கண்ணால் பார்த்தேன். மூன்று இழுப்பறை திறந்து, சாக்கெட், நட்டு, போல்ட்டு எல்லாம் இறக்கத்தில் முன்பக்கம் ஓடிக் குவிந்துவிட்டன. மைதானத்தில் கதவைத் திறந்ததும் கல்யாண வீட்டில் சில்லறை இறைத்த மாதிரி இருந்தது. க்ரூ சீஃப் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு வாளியை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இரவு பதினொன்றரை வரை அளவுவாரியாகப் பிரித்து அடுக்கினேன். இன்றைக்கும் ஒவ்வொரு தாழ்ப்பாளையும் தட்டி, எண்ணிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

சம்பளம்: சரக்கில் மைலுக்கு இவ்வளவு என்று இருக்கும். எனக்கு வாரச் சம்பளம், வழிச் செலவு தனி. மழையால் பந்தயம் திங்களுக்குத் தள்ளிப்போனால் அந்த நாளுக்கு என்ன கணக்கு என்றும் கேட்கச் சொல்லுங்கள். 2020-இல் டேடோனா 500 மழையால் திங்கள் இரவில்தான் முடிந்தது, அடுத்த ஞாயிறு லாஸ் வேகாஸ். அந்த வாரம் எனக்குச் செவ்வாய் என்று ஒரு நாளே வரவில்லை. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டா என்றும் மறக்காமல் கேளுங்கள்.

பிராம்ப்டன் 18 சக்கரம்

சங்ககிரி அண்ணா சொன்ன 14 மணி நேர விஷயத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள் அக்கா. நான் கனடாவிலிருந்து எல்லை தாண்டி சரக்கு ஓட்டுகிறேன். ரேஸ் ஹாலர்கள் இரண்டு மூன்று சேர்ந்து போவதைச் சாலையில் பார்த்திருக்கிறேன், கண்ணுக்கு அழகுதான். எங்களுக்கு இல்லாத ஒரு வசதி அவர்களுக்கு உண்டு: போய்ச் சேரும் இடத்தில் அவர்களுக்காக ஒரு இடம் காத்திருக்கும். நான் சரக்கு இறக்க வாசலில் ஆறு மணி நேரம் நின்றிருக்கிறேன். கழிவறைச் சாவிகூடத் தரமாட்டார்கள்.

ஒரு சந்தேகம் அண்ணா. போன வருடம் ஹெலீன் புயலில் ஐ-40 மலைப்பாதை அடித்துக்கொண்டு போனதே, மேற்கே எப்படிப் போனீர்கள்?

சங்ககிரிக்காரன்

தம்பி, 2024 செப்டம்பர் கடைசியில் போனது. பிஜன் நதிப் பள்ளத்தாக்கில் சாலையின் ஒரு பாதி ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. அக்டோபர் 20-இல் லாஸ் வேகாஸ் பந்தயம். ஐ-77-இல் வடக்கே வர்ஜீனியாவுக்கு ஏறி, ஐ-81 பிடித்து, டென்னசிக்குள் இறங்கிச் சுற்றிப் போனோம். 2025 மார்ச் முதல் தேதிதான் பக்கத்துக்கு ஒரு வழி என்று திறந்தார்கள். வழக்கமாக நான் காபிக்கு நிறுத்தும் ஊர்களில் பாதி அந்தப் பக்கம்தான். என்ன ஆனார்களோ என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

கான்கார்டு வாசி

அண்ணா, உங்கள் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வாளி இடத்தில் சிரித்தார், இரண்டாவது டிரைவர் இடத்தில் அமைதியாகிவிட்டார். இன்று போன் செய்து கேட்டார். நான் முன்பே சொல்லாமல் விட்டது ஒன்று: இது கப் டீம் இல்லையாம், பிக்கப் ட்ரக்குகள் ஓடும் ட்ரக் தொடராம். சின்ன டீம், ஒரே வண்டி. இரண்டாவது டிரைவர் "தூரமாகப் போகும்போது மட்டும்" என்றார்களாம். இவருக்கு டயர் வேலையும் பழக்கிக் கொடுப்பார்களாம். இதனால் பெரிய மாற்றம் இருக்குமா?

சங்ககிரிக்காரன்

அடடா, இதை முதலில் சொல்லியிருந்தால் பாதி எழுதியிருக்கவே மாட்டேன்!

ட்ரக் தொடர் என்றால் கதையே வேறு. இந்த வருடம் அவர்களுக்கு 25 பந்தயம்தான், நடுவில் காலி வாரங்கள் நிறைய. அதைவிட முக்கியம், அவர்கள் பெரும்பாலும் வெள்ளி இரவிலோ சனிக்கிழமையிலோ ஓடிவிடுவார்கள். ஞாயிறு எங்களுக்கு. அதனால் நான் மேலே "ஞாயிறு கிடையாது" என்று எழுதியதை உங்கள் வீட்டுக்கு அடித்துவிடுங்கள்.

ஊர்களையும் பாருங்கள். இந்த வருட அட்டவணையில் வட கரோலினாவுக்குள்ளேயே நான்கு: ராக்கிங்ஹாம், நார்த் வில்க்ஸ்பரோ, சார்லட்டில் இரண்டு. சார்லட் ஸ்பீட்வே என்றால் உங்கள் ஊரேதான், மதியச் சாப்பாட்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம். மார்ட்டின்ஸ்வில் இரண்டு, பிரிஸ்டல் இரண்டு, ரிச்மண்ட், டார்லிங்டன் எல்லாம் அன்று இரவோ மறுநாளோ வீடு வந்து சேரும் தூரம். தூர மேற்கு என்றால் லாஸ் வேகாஸும் ஃபீனிக்ஸும் மட்டும்தான் இருந்தன. அடுத்த ஜூனில் சான் டியாகோ சேர்கிறது.

ஆனால் வெள்ளி இரவுப் பந்தயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. முடியும்போதே இரவு பத்து, பதினொன்று ஆகிவிடும். ஏற்றி முடித்தால் நள்ளிரவு தாண்டும். ஒரே டிரைவர் என்றால், மார்ட்டின்ஸ்வில் மாதிரிப் பக்கத்து ஊராக இருந்தாலும் அவருடைய 14 மணி நேரம் தீர்ந்திருக்கும். அவர்கள் "தூரம்" என்று எதைச் சொல்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பந்தய நாளில் அவர் வேலையை மதியத்துக்கு மேல் தொடங்க டீம் ஒத்துக்கொண்டாலே போதும், இல்லாவிட்டால் அங்கேயே தூங்கிவிட்டுக் காலையில் கிளம்ப அறை போட்டுக் கொடுக்கட்டும். இதை வேலையில் சேரும் முன் பேசிவிட வேண்டும், சேர்ந்த பிறகு பேசினால் சோம்பேறி என்பார்கள். டயர் வேலை நல்லதுதான், கற்றுக்கொள்ளட்டும். அந்த நேரமும் லாகில், அதாவது வேலை நேரப் பதிவேட்டில், ஏற வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சங்ககிரிக்காரன்

இது அவருடைய மனைவி. லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். ஒன்பது வருடமாக நான் பார்த்ததையும் சொல்கிறேன், அவர் எழுதியதில் அது இல்லை.

செவ்வாய் வீடு என்று எழுதியிருக்கிறாரே, அந்தச் செவ்வாயில் மதியம் இரண்டு மணி வரை தூங்குவார். எழுந்ததும் துணி துவைக்க நிற்பார், ஏனென்றால் டீம் சட்டை புதன்கிழமைக்குள் காய வேண்டும். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தபிறகு இருக்கும் மூன்று மணி நேரம்தான் எங்களுக்கு அப்பா. எங்கள் பெரியவளுக்குப் பிறந்தநாள் எந்தக் கிழமையில் வந்தாலும் கேக் வெட்டுவது செவ்வாயில்தான். அவளும் பழகிவிட்டாள், ஆனால் பழக்கியது நான்தான் என்பதை நான் மறக்கவில்லை.

நானும் ரேஸ் தெரியாதவள்தான். இப்போது ஞாயிறு மதியம் டிவியில் போட்டு வைக்கிறேன். யார் முன்னால் போகிறார் என்று பார்ப்பதில்லை, எத்தனை சுற்று பாக்கி என்று மட்டும் பார்ப்பேன். மேகம் கறுத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், மழை வந்தால் திங்கள் போய்விடும்.

பொங்கல் மட்டும் முழுசாக எங்களுடையது. ஜனவரியில் பந்தயம் இல்லை. மற்ற பண்டிகைகளை விட்டுக்கொடுத்துவிட்டு அதை மட்டும் பிடித்துவைத்திருக்கிறேன், அந்த இரண்டு நாள் ஷெட்டுக்குப் போகவும் விடமாட்டேன்.

ட்ரக் தொடர், ஞாயிறு வீட்டில் என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த ஓய்வு விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு சரி என்று சொல்லியிருப்பேன். புளியோதரை மட்டும் இப்போதே கட்டப் பழகுங்கள். நல்லெண்ணெய் கூட விட்டுக் கிளறினால் லாஸ் வேகாஸ் வரை கெடாது.

கான்கார்டு வாசி

அக்கா, ரொம்ப நன்றி. வியாழன் இரவு அவரே மறுபடி பேசினார். 150 மைலுக்கு மேல் எல்லாமே தூரம் என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் என்றால் அறை போட்டுத் தருகிறார்களாம், மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். வந்ததும் இங்கே எழுதுகிறேன். இப்போது அவர் சமையலறையில் நின்று ஒவ்வொரு அலமாரிக் கதவையும் கையால் தட்டி எண்ணிக்கொண்டிருக்கிறார். மூன்று வயதுப் பிள்ளையும் பின்னாலேயே தட்டிக்கொண்டு போகிறது.